ஃபலூடா கிண்ணத்திலிருந்து செயற்கைக் கை வரை: உடலில் அணியும் இலத்திரனியலில் ஹைட்ரோஜெல்

வடக்கிலிருந்து பேருந்தில் கண்டிக்கு வருபவர்களுக்குக் கட்டுகஸ்தோட்டை நன்கு தெரிந்த இடம். கண்டியில் தொடங்கும் ஏ9 வீதி இங்குதான் மகாவலி கங்கையைக் கடந்து, மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி ஊடாக ஏறத்தாழ 320 கிலோமீற்றர் ஓடி யாழ்ப்பாணத்தை அடைகின்றது. வைத்தியசாலைக் கடிதங்களை நெகிழிப் பையில் போட்டு மடியில் வைத்தபடி இந்தப் பாலத்தைக் கடந்தவர்கள் எம்மில் பலர். பேராதனை போதனா வைத்தியசாலை, கண்டி தேசிய வைத்தியசாலை, திகனையிலுள்ள புனர்வாழ்வு வைத்தியசாலை ஆகியவற்றுக்குச் செல்லும் நோயாளர்களின் வழி இது.

அந்தச் சந்தியில் இறங்கி ஒரு ஃபலூடா குடித்திருந்தால், இந்தக் கட்டுரையின் பேசுபொருளை நீங்கள் ஏற்கெனவே சுவைத்திருக்கின்றீர்கள். கிண்ணத்தின் அடியில் வழுவழுப்பாகக் கிடக்கும் கசகசா விதைகள்தான் அவை. (இலங்கையில் கசகசா என்று விற்கப்படுவது பெரும்பாலும் திருநீற்றுப்பச்சிலை இன விதை. தமிழ்நாட்டில் அதனைச் சப்ஜா என்பார்கள்.) உலர்ந்த விதையை நீரில் போட்டால் சில நிமிடங்களில் அதனைச் சுற்றி ஒளி ஊடுருவும் ஓர் உறை ஊதிப் பெருக்கின்றது. அந்த உறை ஏறத்தாழ முழுவதும் நீர். ஆனாலும் அது நீர்போல வழிந்தோடுவதில்லை, தன் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கின்றது. நோன்பு காலத்தில் முஸ்லிம் வீடுகளில் காய்ச்சி உறைய வைக்கும் கடற்பாசியும் இதே வகையைச் சேர்ந்ததே. விஞ்ஞானம் இப்படிப்பட்ட பொருட்களுக்கு வைத்த பெயர் ஹைட்ரோஜெல்.

இந்தப் பொருள் இன்று இருதயத் துடிப்பை அளக்கும் ஒட்டுத்தாள்களிலும், காயத்தைக் கண்காணிக்கும் கட்டுகளிலும், தசையின் சமிக்ஞையை வாசிக்கும் கருவிகளிலும் இடம்பெறுகின்றது. போரில் கை கால்களை இழந்தவர்களும், ஆறாத புண்களோடும் நரம்பு வலியோடும் வாழ்பவர்களும் இதன் பெயரை இனி அடிக்கடி கேட்க நேரிடும். ஆகவே இது என்ன, எதைச் செய்யக்கூடியது, எதை இன்னமும் செய்ய முடியாது என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

ஹைட்ரோஜெல் என்றால் என்ன?

நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளைப் பல்பகுதியம் என்பார்கள். நீரை விரும்பும் பல்பகுதியச் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஆங்காங்கே முடிச்சிடப்பட்டால் ஒரு வலை உருவாகும். மீன்பிடி வலையைப் போல ஒரு தளத்தில் விரியாமல், மூன்று திசைகளிலும் விரிந்த வலை அது. அதன் கண்களுக்குள் நீர் புகுந்து தங்கிவிடும். முடிச்சுகள் இருப்பதால் சங்கிலிகள் கரைந்து போவதில்லை. அவை நீரை விரும்புவதால் நீரும் எளிதில் வெளியேறுவதில்லை. முடிச்சுகள் நெருக்கமானால் பொருள் இறுகும், நீர் குறையும். முடிச்சுகள் தளர்ந்தால் பொருள் மென்மையாகும், அதிக நீரை ஏற்கும்.

குழந்தைகளின் டயப்பரிலும் பெண்களின் சுகாதாரத் துவாய்களிலும் ஈரத்தை உறிஞ்சும் வெண்ணிறத் துகள் சோடியம் பொலிஅக்ரிலேற்று. அது நீரை ஏற்றதும் ஹைட்ரோஜெல்லாக மாறுகின்றது. மென்மையான கண்வில்லையும் ஹைட்ரோஜெல்தான்.

அந்தக் கண்வில்லையின் கதை குறிப்பிடத்தக்கது. செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஒட்டோ விச்டர்லே, ட்ராஹோஸ்லாவ் லிம் ஆகிய இருவரும் உயிருடலில் பயன்படுத்தக்கூடிய ஹைட்ரோஜெல் பற்றி 1960 ஆம் ஆண்டு 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினர். 1961 இன் இறுதியில், நத்தார் காலத்தில், விச்டர்லே தன் வீட்டில் பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டமைப்புத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு ஒரு சுழலும் கருவியை உருவாக்கினார். அதில்தான் முதல் மென்வில்லைகள் வார்க்கப்பட்டன. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் அவர் அரசியல் காரணங்களுக்காகத் தன் பல்கலைக்கழகப் பதவியை இழந்திருந்தார். பத்தாண்டு கழித்து, 1971 இல், அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மென்வில்லைக்கு அனுமதி வழங்கியது.

உடலுக்கும் மின்கம்பிக்கும் இடையில்

எமது உடல் மின்சாரத்தால் இயங்குகின்றது. ஆனால் அது செப்புக் கம்பியில் ஓடும் மின்சாரம் அல்ல. கம்பியில் நகர்பவை இலத்திரன்கள். உடலில் நகர்பவை சோடியம், பொட்டாசியம், கல்சியம், குளோரைட்டு போன்ற அயன்கள். நரம்பும் தசையும் இருதயமும் இந்த அயன்களின் மொழியையே பேசுகின்றன. கருவி ஒன்று உடலை வாசிக்க வேண்டுமானால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

வைத்தியசாலையில் ஈசிஜி எடுக்கும்போது மார்பில் ஒட்டப்படும் சிறிய வட்டத் தாளைப் பார்த்திருப்பீர்கள். அதன் நடுவில் குளிர்ச்சியாக, ஈரமாக இருக்கும் பகுதி உப்பு கலந்த ஜெல். அதன் மேல் வெள்ளியும் வெள்ளிக் குளோரைட்டும் பூசிய மின்வாய் உள்ளது. தோலின் மேற்பரப்பு இறந்த கலங்களால் ஆன உலர்ந்த படை, மின்னோட்டத்தைப் பெருமளவு தடுக்கும். ஜெல் அந்தப் படையை ஈரமாக்கி அயன்களுக்கு வழி திறக்கின்றது. வெள்ளிக் குளோரைட்டு அயன்களின் ஓட்டத்தை இலத்திரன்களின் ஓட்டமாக மாற்றுகின்றது. தோலில் கிடைக்கும் இருதயச் சமிக்ஞை ஒரு மில்லிவோல்ற்று அளவே. தொடுகை சரியில்லாவிட்டால் அது இரைச்சலுக்குள் தொலைந்துவிடும்.

இரண்டாவது சிக்கல் விறைப்பு. சிலிக்கன் சில்லின் விறைப்பு ஏறத்தாழ 170 கிகாபாஸ்கல். வளையும் மின்சுற்றுகளில் பயன்படும் பொலிஇமைட்டுத் தாள்கூட கிகாபாஸ்கல் கணக்கில்தான் வரும். மூளை இழையமோ ஒரு கிலோபாஸ்கல் அளவை ஒட்டியது. அதாவது இரண்டுக்கும் இடையில் இலட்சம் மடங்கையும் தாண்டிய வேறுபாடு. மென்மையான இழையத்தோடு விறைத்த பொருள் நாள் முழுவதும் உராய்ந்தால் தோல் சிவக்கும், புண்ணாகும். செயற்கைக் கால் அணிபவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. ஹைட்ரோஜெல்லின் மென்மையை இழையத்தின் மென்மைக்கு அருகில் கொண்டுவர முடியும். வளையும் இலத்திரனியலில் அது முக்கியத்துவம் பெறுவதற்கு இதுவே காரணம்.

உடையும் களியிலிருந்து இழுபடும் தோல் வரை

பழைய ஹைட்ரோஜெல்களின் குறை அவை எளிதில் கிழிந்துவிடும் என்பது. கடற்பாசித் துண்டை இழுத்துப் பார்த்தால் தெரியும். 2003 இல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஜியான் பிங் கொங் குழுவினர் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வலைகளைப் பின்னிய இரட்டை வலை ஜெல்லை உருவாக்கினர். முதலாவது வலை விறைப்பானது, எளிதில் உடையக்கூடியது. இரண்டாவது நன்கு நீளக்கூடியது. இழுக்கும்போது முதலாவது வலை ஆங்காங்கே உடைந்து சக்தியை உள்வாங்க, இரண்டாவது வலை முழுப்பொருளும் பிளவுபடாமல் காக்கின்றது.

2012 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் ஷிகாங் சுவோவின் குழுவினர் பழுப்புநிறக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அல்ஜினேற்றையும் பொலிஅக்ரிலமைட்டையும் இணைத்தனர். கிடைத்த ஜெல்லில் ஏறத்தாழ 90 வீதம் நீர். ஆயினும் அது தன் நீளத்தைப்போல் 20 மடங்கு இழுபட்டது. 'நேச்சர்' சஞ்சிகையில் வந்த அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் விதுஷா இலேபெரும என்ற, இலங்கையருக்குப் பழக்கமான பெயரும் இருக்கின்றது.

அடுத்த ஆண்டே அதே பல்கலைக்கழகத்தில் உப்பு கலந்த ஹைட்ரோஜெல்லை மின்கடத்தியாகப் பயன்படுத்தி, இழுபடக்கூடியதும் ஒளி ஊடுருவக்கூடியதுமான ஒலிபெருக்கி ஒன்று காட்டப்பட்டது. 2016 இல் தென்கொரியாவின் சோல் தேசிய பல்கலைக்கழகத்தினர் லித்தியம் குளோரைட்டு கலந்த ஹைட்ரோஜெல்லால், கையில் ஒட்டிக்கொண்டு எழுதவும் விளையாடவும் கூடிய தொடுதிரையை உருவாக்கினர். உலோகக் கம்பி எதுவும் அந்தத் தொடுபரப்புக்குள் இல்லை. விரல் தொட்ட இடத்தை, ஓரங்களிலிருந்து வரும் மின்னோட்டத்தின் வேறுபாட்டைக் கொண்டு கருவி கணக்கிடுகின்றது.

செயற்கைக் கையும் தசையின் சமிக்ஞையும்

கையை முழங்கைக்குக் கீழே இழந்தவரின் மீதிக் கையில் விரல்களை அசைத்த தசைகளின் ஒரு பகுதி எஞ்சியிருக்கும். அவர் விரலை மடக்க நினைக்கும்போது அத்தசை இன்னமும் சுருங்குகின்றது. அந்தச் சுருக்கம் தோலின் மேல் மிகச் சிறிய மின் சமிக்ஞையாக வெளிப்படும். அதனை வாசித்து மோட்டரை இயக்குவதே மின்தசைச் செயற்கைக் கையின் அடிப்படை. இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆர்.ஏ.ஆர்.சி. கோபுரவின் குழுவினர் இத்தகைய செயற்கை அவயவங்கள் குறித்து நீண்டகாலமாக ஆய்வு செய்து வருகின்றனர்.

சந்தையிலுள்ள இத்தகைய கைகளில் பெரும்பாலும் உலர்ந்த உலோக மின்வாய்களே பொருத்தப்படுகின்றன. குழிக்குள் வியர்வை சேர்ந்தால் மின்வாய் வழுக்கும். தோல் மிக உலர்ந்திருந்தால் சமிக்ஞை மங்கும். கையைத் தூக்கும்போது குழி சற்று நகர்ந்தாலும் கருவி தவறாகப் புரிந்துகொள்ளும். தோலோடு இழுபட்டு, தோலோடு ஒட்டியிருக்கும் ஹைட்ரோஜெல் மின்வாய்கள் இந்தச் சிக்கல்களைக் குறைக்கும் என்பதே ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு. ஆய்வுகூட அளவீடுகளில் அவை தெளிவான சமிக்ஞையைத் தருகின்றன. ஆனால் தினமும் காலையில் மாட்டி இரவில் கழற்றும் ஒரு கைக்குள் மாதக்கணக்கில் அவை தாக்குப்பிடிக்குமா என்பது வேறு கேள்வி.

இங்கு ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். செயற்கைக் காலின் குழிக்குள் மீதிக் காலைப் பாதுகாக்க அணியும் உறையைப் பலரும் 'ஜெல் லைனர்' என்பார்கள். அது பெரும்பாலும் சிலிக்கோனாலோ மீள்தன்மையுள்ள வேறு பல்பகுதியத்தாலோ ஆனது. அதில் நீர் இல்லை, ஆகவே அது ஹைட்ரோஜெல் அல்ல. தழும்பின் மேல் ஒட்டும் சிலிக்கோன் தாளும் அப்படியே. கழுவும் முறை, பாவிக்கக்கூடிய காலம் எல்லாம் வேறுபடும் என்பதால் இந்த வேறுபாடு முக்கியமானது.

காயத்தின் மேல் ஒரு காவலாளி

உலர்ந்த புண்ணைவிட ஈரப்பதம் பேணப்படும் புண் நன்றாக ஆறும். அதனால் ஹைட்ரோஜெல் கட்டுகள் தீக்காயங்களுக்கும் ஆழமற்ற புண்களுக்கும் பல ஆண்டுகளாகப் பயன்படுகின்றன. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு உணர்விழந்தவர்களுக்கு வரும் படுக்கைப் புண்ணிலும், நீரிழிவு நோயாளரின் பாதப் புண்ணிலும் பெரிய ஆபத்து, உள்ளே தொற்று ஏற்படுவது நோயாளிக்கே தெரியாமல் போவதுதான். வலி தெரியாதவர்களுக்கு வலிக்குப் பதிலாக எச்சரிக்கும் ஒன்று தேவை.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் சுவான்ஹே சாவோவின் குழுவினர், வெப்ப உணரிகளையும் மருந்து செல்லும் நுண்வழிகளையும் ஹைட்ரோஜெல்லுக்குள் புதைத்த கட்டு ஒன்றை 2016 ஐ ஒட்டிய காலத்தில் வெளியிட்டனர். 2022 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புண்ணின் வெப்பநிலையையும் மின்தடையையும் அளந்து, தேவைப்படும்போது மென்மையான மின்தூண்டலும் தரும் கம்பியில்லாக் கட்டை அறிமுகப்படுத்தினர். அதன் ஜெல் தோலின் சாதாரண வெப்பத்தில் இறுகப் பற்றும். சில பாகை சூடாக்கினால் பிடி தளர்ந்து, ஆறிவரும் புண்ணைப் பிய்க்காமல் கழன்றுவிடும். எலிகளில் புண் ஏறத்தாழ 25 வீதம் வேகமாக ஆறியதாக அவர்கள் அறிக்கையிட்டனர். எலியின் தோல் ஆறும் முறை மனிதத் தோலினதைப் போன்றதல்ல என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

கட்டுகஸ்தோட்டையின் ஈரமும் கிளிநொச்சியின் சோளகமும்

ஹைட்ரோஜெல்லின் பெரிய எதிரி காற்று. கிண்ணத்திலிருந்து எடுத்த கசகசாவை ஒரு தட்டில் விட்டால் சில மணிநேரத்தில் மீண்டும் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அணியும் கருவியிலுள்ள ஜெல்லுக்கும் இதுவே நடக்கும். நீர் போனால் மென்மை போகும், மின்கடத்தலும் போகும்.

கண்டிப் பகுதிக்கான வானிலை அவதான நிலையம் கட்டுகஸ்தோட்டையில்தான் இருக்கின்றது. கடல்மட்டத்திலிருந்து 450 மீற்றருக்கு மேல் அமைந்த இந்த ஆற்றங்கரையில் சராசரி வெப்பநிலை 24, 25 பாகை செல்சியஸை ஒட்டியிருக்கும். மழையும் காலைப்பனியும் காற்றை ஈரமாக வைத்திருக்கும். ஏ9 வழியே வடக்கே சென்றால் நிலைமை மாறும். யூன் முதல் செப்டெம்பர் வரை வன்னியில் வீசும் சோளகக் காற்று, மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வருவது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு நாள் தாங்கும் ஜெல், கிளிநொச்சியின் ஓகஸ்ட் வெயிலில் அதே நேரம் தாங்காது.

இதற்கு மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, நீரைப் பிடித்து வைக்கும் கிளிசரோல் போன்றவற்றைக் கலப்பது. இரண்டாவது, காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும் லித்தியம் குளோரைட்டு போன்ற உப்பைச் சேர்ப்பது. ஆனால் ஈரம் மிகுந்த இடத்தில் இந்த ஜெல் அளவுக்கு மீறி நீரை ஏற்று ஊதிவிடலாம், அந்த உப்பு தோலில் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, றப்பர் போன்ற மெல்லிய உறையால் ஜெல்லை மூடுவது. மசாசூசெட்ஸ் குழுவினர் 2022 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்ட, உடலில் ஒட்டி 48 மணிநேரம் வரை உள்ளுறுப்புகளைப் படம்பிடிக்கும் ஸ்கான் ஒட்டுத்தாளில் இந்த மூன்றாவது முறையே கைக்கொள்ளப்பட்டது. குளிரூட்டிய ஆய்வுகூடத்தில் அளந்த ஆயுட்காலத்தை எமது காலநிலைக்கு அப்படியே பொருத்த முடியாது. இங்கே, இந்த வெயிலிலும் வியர்வையிலும், சோதித்துப் பார்த்தாக வேண்டும்.

இலங்கையில் என்ன இருக்கின்றது?

கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டி நகரைக் கடந்து அந்தானை மலையடிவாரத்துக்குச் சென்றால் அங்கே தேசிய அடிப்படை ஆய்வுகள் நிறுவகம் உள்ளது. 1981 இல் நிறுவப்பட்ட இந்நிறுவகத்திலும் அருகிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் எம்.ஏ.கே.எல். திசாநாயக்க நீண்டகாலமாக ஜெல் மின்பகுபொருட்கள் பற்றி ஆராய்ந்து வந்துள்ளார். சாயமூட்டிய சூரியக் கலங்களில் திரவம் கசிந்து போவதைத் தடுக்க அந்த ஜெல்கள் பயன்படுகின்றன. அவற்றில் நீருக்குப் பதிலாக வேறு கரைப்பான்கள் இருப்பதால் அவை ஹைட்ரோஜெல் அல்ல. ஆனால் வலைக்குள் திரவத்தைப் பிடித்து அதனூடாக அயன்களை நகர்த்தும் விஞ்ஞானம் ஒன்றுதான். அந்த அறிவு இந்த மலைநாட்டிலேயே இருக்கின்றது.

மூலப்பொருள் வடக்கில் இருக்கின்றது. கிளிநொச்சி மாவட்டத்தின் வலைப்பாடு போன்ற கரையோரக் கிராமங்களிலும் மன்னார், யாழ்ப்பாணக் கடல்களிலும் கப்பாபைக்கஸ் எனும் கடற்பாசி வளர்க்கப்படுகின்றது. போருக்குப் பின் வருமானம் தேடிய குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இது ஒரு தொழிலாகியுள்ளது. இந்தப் பாசியிலிருந்து எடுக்கப்படும் கராஜினன் ஒரு ஹைட்ரோஜெல் மூலப்பொருள். இங்கே கயிற்றில் கட்டி வளர்த்து வெயிலில் உலர்த்திய பாசி வெளிநாட்டுக்குப் போகின்றது. பெறுமதி கூடும் கட்டங்கள் அங்கேதான் நடக்கின்றன. இதே பாசி மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில், குருசடைத் தீவருகே, பவளப்பாறைகளின் மேல் படர்ந்து பாதிப்பை ஏற்படுத்தியது என்பதால், வளர்ப்பை விரிவாக்கும்போது அவதானம் தேவை.

செயற்கை அவயவத் துறையில், ராகமையில் 2004 இல் தொடங்கப்பட்ட செயற்கை அவயவப் பயிற்சிப் பாடசாலையில் கற்றவர்கள் சேவையில் உள்ளனர். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் போர்க்காலத்திலிருந்தே கால்களைச் செய்து கொடுத்து வருகின்றது. 1960களின் இறுதியில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் வைத்தியர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய அந்தக் கால், றப்பரையும் மரத்தையும் கொண்டு, வெறுங்காலோடு வயலில் நடக்கவும் சம்மணமிட்டு உட்காரவும் ஏற்றதாகச் செய்யப்பட்டது. அதன் வெற்றி, அணிபவரின் வாழ்க்கையை முதலில் பார்த்ததில் இருந்தது. ஹைட்ரோஜெல் கருவிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

பாவனையாளர்கள் அறிந்திருக்க வேண்டியவை

இன்று எமது மக்களின் கைக்கு எட்டியுள்ள ஹைட்ரோஜெல் இலத்திரனியல் என்றால், அது பெரும்பாலும் 'டென்ஸ்' எனப்படும் வலிநிவாரணக் கருவியின் ஒட்டுத்தாள்தான். தோல் வழியே சிறு மின்துடிப்புகளைச் செலுத்தும் இக்கருவி வெளிநாட்டு உறவினர்கள் ஊடாகவும் இணையக் கடைகள் ஊடாகவும் வருகின்றது. இழந்த கை கால் இன்னமும் வலிப்பது போன்ற உணர்வுக்கும் இது நிச்சயத் தீர்வு என்று விளம்பரப்படுத்துவதுண்டு. 2015 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, அவயவ இழப்புக்குப் பிந்திய வலிக்கு டென்ஸ் உதவுமா என்பதைத் தீர்மானிக்கப் போதிய தரமான எழுமாற்று ஆய்வு ஒன்றுகூட இல்லை என்றது. சிலருக்கு ஆறுதல் கிடைக்கலாம். உத்தரவாதம் என்று எவரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

உடலில் குண்டுச் சிதறல்கள் இருப்பவர்கள் அதனை வைத்தியரிடமும் இயன்மருத்துவரிடமும் கட்டாயம் சொல்ல வேண்டும். மின்தூண்டல் கருவிக்கு முன்னர் மட்டுமல்ல, எம்ஆர்ஐ பரிசோதனைக்கு முன்னரும் இது மிக முக்கியம். இருதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் வைத்திய ஆலோசனை இன்றி டென்ஸ் பாவிக்கக்கூடாது. கழுத்தின் முன்பகுதி, திறந்த புண், உணர்விழந்த தோல் ஆகியவற்றின் மேல் ஒட்டக்கூடாது. உணர்வில்லாத இடத்தில் தோல் எரிந்தாலும் தெரியாது.

ஒட்டுத்தாளை வாங்கும்போது காலாவதித் திகதியைப் பாருங்கள். பொதி திறந்திருந்தால் உள்ளே ஜெல் உலர்ந்திருக்கும். பாவித்த பின் அதன் மூடுதாளில் மீண்டும் ஒட்டி, காற்றுப்புகாத பையில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஒட்டும் தன்மை குறைந்தால் விரல் நுனியால் ஓரிரு துளி நீர் தடவலாம். ஓரங்கள் சுருண்டு, சில இடங்கள் மட்டும் ஒட்டும் நிலை வந்தால் அதனைக் கைவிட வேண்டும். தொடுகை சீராக இல்லாதபோது மின்னோட்டம் ஒரு புள்ளியில் குவிந்து தோலைச் சுடும். ஒருவர் பாவித்ததை மற்றவர் பாவிக்கக்கூடாது. தோல் சிவந்து ஒரு நாளில் மாறாவிட்டால் நிறுத்திவிட்டு வைத்தியரை நாடுங்கள்.

உதவி வழங்க விரும்பும் புலம்பெயர் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். விலையுயர்ந்த கருவியை அனுப்பும் முன்னர், அதற்கான ஒட்டுத்தாள்களும் மின்கலமும் மாதாமாதம் எங்கே கிடைக்கும், பழுதானால் யார் திருத்துவார் என்று கேளுங்கள். ஒட்டுத்தாள் தீர்ந்த நாளோடு அலுமாரிக்குள் போகும் கருவியால், அதனை எதிர்பார்த்திருந்தவருக்கு மீதமாவது ஏமாற்றம் மட்டுமே. அந்தப் பணத்தில் பொருந்தாத குழியை மாற்றுவதோ, கிளினிக்குக்கு வந்துபோகும் செலவைக் கொடுப்பதோ சிலருக்கு இப்போதைக்குக் கூடுதல் பயன் தரக்கூடும். எது தேவை என்பதை அணிபவரிடமே கேட்டறிவது முதல் வேலை.